நேரல் – மாதேரான்: மலைவாசிகளுக்கு உரிய ரயில்

மும்பையில் ஈட்டிய பணம் ஆலைகளாகியிருக்கிறது, மாளிகைகளாகியிருக்கிறது, ஆஸ்பத்திரிகளாகியிருக்கிறது. அதில் ஒரு பங்கு, சகயாத்திரியின் ஒரு கிளைமலை மேல் ஏறும் இரண்டடி அகலத் தண்டவாளமாகவும் ஆனது. நேரல் – மாதேரான் இருப்புப்பாதைக்குப் பதினாறு லட்சம் ரூபாயை எடுத்துக் கொடுத்தவர் சர் ஆதம்ஜி பீர்பாய். முன்னின்று கட்டியவர் அவருடைய மகன் அப்துல் ஹுசேன். ஆதம்ஜி தாவூதி போரா வணிகர். பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கூடாரமும் பூட்ஸும் செய்து கொடுத்துப் பெரும்பொருள் சேர்த்தவர். 1887-இல் அவர் நிறுவிய பூட்ஸ் தொழிற்சாலை இருந்தது தாராவிப் பக்கத்தில்.

தாராவி என்றதும் நம்மவர்களுக்கு வேறொரு நினைவு வரும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்டு வந்து, அங்கே தோல் பதனிட்டுப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல. முதலாளியின் பெயர் கல்வெட்டில் ஏறும். தொட்டிகளில் இறங்கி நின்றவர்களின் பெயர் எங்கும் ஏறாது. மாதேரான் ரயிலின் கதையைத் தாராவியிலிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

மாதேரானை வெள்ளையர் கண்டுகொண்டது 1850-இல். அப்போது தாணே கலெக்டராயிருந்த ஹியூ மாலெட் அங்கே ஏறிப் பார்த்தார். பிறகு பம்பாய் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவின் ஆதரவில் அது கோடை வாசஸ்தலமாயிற்று. குதிரையிலும் பல்லக்கிலும்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஜனங்கள் போய்வந்தார்கள். நேரலில் ஒரு நாள் பல்லக்குக் கிடைக்காத கோபத்தில் ஆதம்ஜி ரயில் போடச் சபதம் செய்தார் என்று செவிவழிக் கதை ஒன்றும் உண்டு. கதை எப்படியானாலும், 1904-இல் தொடங்கிய வேலை 1907 மார்ச்சில் முடிந்து வண்டி ஓடிற்று. நம் நீலகிரி ரயில் குன்னூரை எட்டியது 1899-இல், ஊட்டியை எட்டியது 1908-இல். இரண்டும் ஒரே தலைமுறையின் வேலை.

ஆனால் ஏறும் முறையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு. கல்லாறு தாண்டியதும் நீலகிரி வண்டி, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்பாதையைப் பற்சக்கரத்தால் கவ்விக்கொண்டு ஏறுகிறது. அங்கே பன்னிரண்டரை அடி போனால் ஓரடி உயரும். மாதேரானில் அந்தப் பல் கிடையாது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றே பிடிமானம். அதனால் சரிவை இருபதுக்கு ஒன்று என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு, மலையின் உடம்பை ஒட்டி வளைந்து வளைந்து பாதையைக் கொண்டுபோனார்கள். சுமார் 21 கிலோமீட்டர் பாதையில் ஒரே ஒரு சுரங்கம்தான். அதுவும் மிகச் சிறியது. மலையைக் குடைவதற்குப் பதில் சுற்றிப்போவது என்று முடிவெடுத்தவர்களின் பொறுமை, இன்றும் அந்த வளைவுகளில் தெரிகிறது.

வளைவுதான் இந்தப் பாதையின் உயிர், அதுவே அதன் சிக்கலும். ஆறு சக்கர இன்ஜின் ஒன்றை நெருக்கமான வளைவில் திருப்பினால், முன்னச்சும் பின்னச்சும் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டும். இதற்கு ஜெர்மனியின் ஓரென்ஸ்டைன் – கோப்பெல் நிறுவனத்திலிருந்து நான்கு இன்ஜின்கள் வந்தன. அவற்றின் முன், பின் அச்சுகள் 'க்ளீன் – லிண்ட்னர்' முறைப்படி செய்யப்பட்டவை. உள்ளே திடமான அச்சு. அதன் மேல் உறைபோல் ஒரு குழல் அச்சு. சக்கரங்கள் அந்தக் குழலில். உள்ளச்சு நேராகச் சுழன்றாலும் குழல் சற்றே பக்கவாட்டில் நகர்ந்து திரும்பும். வளைவுக்கு ஏற்பச் சக்கரம் தானே ஒதுங்கிக்கொடுக்கும். பாதைக்கு ஆலோசகராயிருந்தவர் எவரார்ட் கால்த்ராப். சோலாப்பூர்ப் பக்கத்து பார்ஸி சிறு ரயிலை உருவாக்கியவரும் அவரே. பிற்காலத்தில் விமானிகளுக்கான பாராசூட் ஆராய்ச்சியில் இறங்கிய மனிதர். மனித உயிரைப் பத்திரமாக ஏற்றுவதும் இறக்குவதும்தான் அவருக்கு வாழ்நாள் வேலையாக இருந்திருக்கிறது.

அதே இருபதுக்கு ஒன்று சரிவை ஜப்பானின் கோபே நகரிலும் பார்க்கலாம். 1928-இல் அங்கே ஒரு சிறிய தனியார் மின்ரயில், நகரத்திலிருந்து ரொக்கோ மலைக்கு அப்பால் உள்ள அரிமா வெந்நீரூற்றுக்கு ஓடத் தொடங்கிற்று. வெந்நீரில் குளிக்கப் போகிறவர்களுக்காகப் போட்ட பாதை, பிறகு மலையடிவாரக் குடியிருப்புகள் பெருகப் பெருக, காலையில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் பாதையாயிற்று. அதே நாட்டின் ஹகோனே மலை ரயில் இன்னும் துணிச்சலானது. நீலகிரியில் பல் தேவைப்பட்ட அதே பன்னிரண்டரைக்கு ஒன்று சரிவில், 1919 முதல் பல்லில்லாமலே ஏறுகிறது. வளைவில் சக்கரம் தேயாமலிருக்க எண்ணெய் விட்டால் வழுக்கும். ஆகவே வண்டியிலேயே தொட்டி வைத்துத் தண்டவாளத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகிறார்கள்.

2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் ஹகோனே பாதையைச் சிதைத்தது. 2020 ஜூலையில் வண்டி மறுபடி ஓடிற்று. அதே 2019-இன் மழைக்காலம் மாதேரான் பாதையையும் அரித்துக்கொண்டு போனது. நேரலிலிருந்து மாதேரானுக்கு முழுப் பாதையும் மறுபடி திறந்தது 2022 அக்டோபரில். ஒன்பது மாதம் எங்கே, மூன்று வருஷம் எங்கே! இடையில் கொரோனாவும் வந்தது, நம் பாதை நீளமானது, சகயாத்திரி மழையும் சாதாரண மழை அல்ல; இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். 2005 ஜூலை 26 பெருமழை இதே பாதையை உடைத்தபோது, நூற்றாண்டு நிறைவான 2007-இல்தான் சரியாயிற்று. ஆயினும் ஒரு காரணம் இயற்கையில் இல்லை. தினம் ஏறுகிறவன் உள்ள ரயிலைச் சீக்கிரம் சரிசெய்தே ஆக வேண்டும். விடுமுறைக்கு மட்டும் ஏறுகிறவனுடைய ரயில் காத்திருக்கலாம் என்று எவருக்கும் தோன்றிவிடும்.

மாதேரானில் தினம் ஏற வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊருக்குள் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தஸ்தூரி முனையோடு கார்கள் நின்றுவிட வேண்டும். 2003 முதல் சூழல் காப்புப் பகுதியும்கூட. மளிகை, காய்கறி, கேஸ் சிலிண்டர் எல்லாம் குதிரை முதுகிலும் மனிதத் தலையிலும் போகின்றன. நோயாளியையும் முதியவரையும் செம்மண் பாதையில் கைரிக்‌ஷாவில் வைத்து மனிதர்களே இழுத்தார்கள். அந்த வழக்கத்தை ஆறு மாதத்துக்குள் நிறுத்தும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பேட்டரி ரிக்‌ஷாக்களும் வந்திருக்கின்றன. ஆனால் தஸ்தூரிக்கு அருகே உள்ள அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து மாதேரான் கடைத்தெரு வரை, மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறது. மழைக்காலத்தில் கீழ்ப்பாதையை மூடினாலும் இந்தத் துண்டில் ஷட்டில் ஓடுகிறது. நூறாண்டுக்கு முந்தைய இந்தப் பாதையில் ஜப்பானிய மலை ரயில்களோடு ஒப்பிடத்தக்க பகுதி இதுதான். இதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை.

மும்பையின் அணுசக்தி நகரில் வாழும் நாம் மாதேரானுக்குப் போவது சுலபம். மான்குர்தில் ஹார்பர் லைன் ஏறி, குர்லாவில் இறங்கி, கர்ஜத் லோக்கல் பிடித்தால் நேரல். ட்ராம்பே மலையைப் பார்த்துக்கொண்டே வாழும் நமக்கு ஒரு பழைய பாடமும் அருகிலேயே உண்டு. 1928-இல், கோபே ரயில் பிறந்த அதே ஆண்டில், ட்ராம்பேயிலிருந்து குர்லா வழியாக அந்தேரி வரை ஒரு ரயில் ஓடத் தொடங்கிற்று. 1934-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்று செம்பூரிலிருந்து அந்தேரி போக சாலையில் திணறுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மாதேரானில் அப்படி நேர்ந்துவிடக் கூடாது. விடுதலைக்குப் பின் அரசின் கைக்கு வந்த இந்தப் பாதையை மத்திய ரயில்வே நடத்துகிறது. பாரம்பரியச் சின்னம் என்ற பெருமையும் அதற்கு உண்டு. அந்தப் பெருமை சுற்றுலாக்காரர்களை வரவழைக்கட்டும். ஷட்டிலின் நேர அட்டவணையை மட்டும் பள்ளி மணியையும், கீழிருந்து வேலைக்கு வருகிறவர்களின் நேரத்தையும், கடைக்காரர்களின் சரக்கு வரும் நேரத்தையும் கேட்டு எழுத வேண்டும். உள்ளூர்வாசிக்கு மலிவான மாதச் சீட்டு, வண்டிதோறும் சரக்குக்கு இடம், படுத்த நோயாளியை ஏற்ற ஒரு பெட்டி: இந்த மூன்றுக்கும் புதிய மலை தேவையில்லை, புதிய தண்டவாளமும் தேவையில்லை.