பிறவிக் குறைபாடுகள்: எதை எந்த வயதுக்குள் கவனிக்க வேண்டும்?

குழந்தை பிறந்ததும் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாள் முடி இறக்கி, அகீகா கொடுத்து, பெயர் வைக்கிறோம். அந்த ஏழு நாட்களுக்குள் குழந்தையை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை மருத்துவரிடம் முழுமையாகக் காட்டினோமா என்று கேட்டால், பல வீடுகளில் பதில் இருக்காது. "எடை எவ்வளவு?" என்பதோடு நம் விசாரிப்பு முடிந்துவிடுகிறது.

பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 2 அல்லது 3 பேருக்கு ஏதேனும் ஒரு பெரிய பிறவிக் குறைபாடு இருக்கிறது. இவற்றில் பலவற்றுக்கு இன்று நல்ல சிகிச்சை உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடுவும் உண்டு. கண்டாச்சிபுரம் போன்ற ஊர்களில் பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒருநாள் கூலியும் பஸ் செலவும் போகும். அதனால் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடுகிறோம். காலக்கெடு அதற்குள் கடந்துவிடுகிறது.

காலக்கெடு உள்ள குறைகள்

தைராய்டு குறைவு: பார்த்தால் தெரியாது. குழந்தை அமைதியாகத் தூங்கும், மஞ்சள் காமாலை நீடிக்கும், மலச்சிக்கல் இருக்கும். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். பிறந்த இரண்டு வாரங்களுக்குள் விலை குறைந்த மாத்திரையைத் தொடங்கினால் பிள்ளை மற்றவர்களைப் போல வளரும். மாதங்கள் கடந்தால் மூளை வளர்ச்சி குன்றிவிடும், அதைத் திருப்ப முடியாது.

கண்புரை: கருவிழியின் நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். முதல் 6 முதல் 8 வாரங்களுக்குள் அறுவை செய்தால்தான் மூளை பார்க்கப் பழகும்.

காது: கேளாத குழந்தையும் அழும், சிரிக்கும். எனவே பெற்றோருக்குச் சந்தேகம் வருவதே தாமதம். குழந்தை தூங்கும்போதே காதில் சிறு கருவியை வைத்துப் பார்க்கும் வலியில்லாத சோதனை இருக்கிறது. ஒரு மாதத்தில் சோதனை, மூன்று மாதத்தில் உறுதி செய்தல், ஆறு மாதத்தில் காது கருவி என்பது உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு.

வளைபாதம்: பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கும். பிறந்த முதல் வாரங்களிலேயே வாரம் ஒருமுறை மாவுக்கட்டு மாற்றிக்கொண்டே வந்தால் பெரிய அறுவை இல்லாமலே நேராகிவிடும். இக்னேசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் வகுத்த முறை இது. கட்டு பிரித்த பின் தரும் விசேஷ காலணியை நான்கு, ஐந்து வயதுவரை இரவில் போட வேண்டும். பாதியில் விட்டால் பாதம் மறுபடி திரும்பிக்கொள்ளும்.

உதடு, அண்ணப் பிளவு: உதட்டை 3 முதல் 6 மாதத்திலும், அண்ணத்தை 9 முதல் 18 மாதத்திலும் சரி செய்வார்கள். அதுவரை தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையைச் சாய்த்து வைத்துப் பாலாடையால் புகட்டலாம். கிரகணத்தில் வெளியே வந்ததால் உதடு பிளந்தது என்று தாயைக் குறை சொல்வது தவறு. கிரகணம் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் ஏற்படுவதில்லை என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குத் தெளிவாக்கிய விஷயம்.

இதயம்: பால் குடிக்கையில் நெற்றியில் வியர்வை, விட்டுவிட்டுக் குடித்தல், மூச்சிரைப்பு, எடை ஏறாமை, உதடு நீலமாதல் ஆகியவை அடையாளங்கள். உதடு நீலமானால் 108ஐ அழைக்க வேண்டும்.

சுன்னத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

ஆண் குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்புறம் இருக்கும். முன்தோலும் பாதிதான் இருக்கும். "பிறவியிலேயே சுன்னத் ஆகிவிட்டது" என்று சிலர் மகிழ்வதும் உண்டு. அது சரி செய்ய வேண்டிய குறை. அந்த முன்தோலைக் கொண்டுதான் அறுவை மருத்துவர் புதிய சிறுநீர்ப் பாதையை அமைக்க வேண்டியிருக்கலாம். அதை முன்பே வெட்டிவிட்டால் சிகிச்சை கடினமாகிவிடும். எனவே இத்தகைய குழந்தைக்கு சுன்னத்தைத் தள்ளிவைத்து, குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த அறுவையின்போதே சுன்னத்தும் நிறைவேறிவிடும்.

இன்னொன்று, ரத்தம் உறையாத நோய். தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரும். தாயின் சகோதரர்களுக்கோ, தாய்வழி ஆண் பிள்ளைகளுக்கோ காயம் பட்டால் ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று கேட்டுவிட்டு, இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்த பிறகே சுன்னத் வைக்க வேண்டும்.

சொந்தத்தில் திருமணம்

தாய்மாமனை மணப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. மாமன் மகள், அத்தை மகள் போன்ற உறவுகளை அனுமதித்திருக்கிறது. அனுமதி என்பது கட்டாயம் அல்ல. ஒரே தாத்தா, பாட்டியின் வழி வந்த இருவரிடமும் வெளியே தெரியாத ஒரே மரபணுக் குறை இருக்க வாய்ப்பு அதிகம். இருவரிடமும் அது இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளை பாதிக்கப்பட்டதால் அடுத்த மூன்றும் நன்றாக இருக்கும் என்று பொருளல்ல.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2013ல் வெளியானது. நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைகளுக்கு ஆபத்து சுமார் 3 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகிறது என்று அது காட்டியது. அதாவது, இரட்டிப்பாகிறது. அதேவேளை 100ல் 94 குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். எனவே சொந்தத்தில் மணந்தவர்கள் பயப்பட வேண்டாம், பரிசோதனையைத் தவறவிடவும் வேண்டாம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே முடித்த குடும்பங்களும், குறையுள்ள பிள்ளை ஏற்கனவே உள்ள குடும்பங்களும் நிச்சயத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. சவூதி அரேபியாவில் நிக்காஹ்வுக்கு முன் தலசீமியா, அரிவாள் அணு ரத்தசோகைப் பரிசோதனைகள் 2004 முதல் கட்டாயம்.

கருத்தரிக்கும் முன்பே

குழந்தையின் முதுகுத்தண்டு கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்கு அப்போது கர்ப்பமே தெரிந்திருக்காது. ஆகவே ஃபோலிக் அமில மாத்திரையைத் திருமணம் முடிந்து குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும்.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். 2017ல் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியால் பலர் பிள்ளைகளுக்குப் போட மறுத்தார்கள். அன்றைய சிறுமிகள் இன்று மணவயதை நெருங்குகிறார்கள். அப்போது தவறவிட்டவர்கள் திருமணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். கர்ப்ப காலத்தில் இதைப் போடக் கூடாது.

18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது. இதயக் குறை முன்பே தெரிந்தால், அதைக் கவனிக்க வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம்.

எங்கே போவது?

முதல் படி நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்தான். 2013ல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. 18 வயதுவரை சிகிச்சைக்குப் பரிந்துரை கிடைக்கும். தனியார் நர்சரிக்கு மட்டும் போகும் பிள்ளை இதில் விடுபடலாம். அவர்களின் பெற்றோர் சுகாதார நிலையத்தில் தாமே கேட்க வேண்டும்.

அடுத்து முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் புதுச்சேரி ஜிப்மர். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். இதய அறுவை, காது நரம்புக் கருவி போன்ற பெரிய செலவுகளுக்கு அது உதவும். நிரந்தரக் குறை என்றால் மாற்றுத்திறனாளி தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது.

நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நிக்காஹ் பதிவுக்கு வரும் குடும்பத்திடம் ரூபெல்லா ஊசி, ஃபோலிக் மாத்திரை, ரத்தப் பரிசோதனை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். குறையுடன் பிறந்த பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்து வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்னவர். நபியவர்கள் பயணம் சென்றபோது அந்நகரின் பொறுப்பையே ஏற்றவர். பிள்ளையின் குறையைக் காலத்தில் கவனிப்பதும், கவனித்த பின் எஞ்சும் குறையோடு அவனைப் பள்ளிக்கும் பள்ளிவாசலுக்கும் கைபிடித்து அழைத்துச் செல்வதும் பெற்றோர் மீதுள்ள அமானிதம்.