ஸ்டாண்டர்டு ஹெரால்டு: சேசிஸ் வலுவூட்டல்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த சிறிய கார். 1959இல் இங்கிலாந்தில் வெளியான டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. எஞ்சின் 948 சிசி. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் இன்னும் இதைக் காப்பாற்றி வருபவர்களுக்கு எஞ்சினைவிட அதிகம் வேலை வைப்பது சேசிஸ்தான்.

அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே பாரத்தைச் சுமக்கும். ஹெரால்டு தனிச் சேசிஸ் என்ற பழைய முறைக்குத் திரும்பியதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிக்கொண்டது. முழு பாடி செய்துதர ஆளில்லாததால் முன்தடுப்பு, பின்பகுதி, கூரை என்று தனித்தனியே செய்து போல்ட் போட்டு இணைத்தார்கள். கீழே இரண்டு நீளச் சட்டங்கள் வண்டியின் நடுவாக ஓடுகின்றன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும் ஓரச் சட்டங்களும் பாடியைத் தாங்குகின்றன. கதவுக்குக் கீழுள்ள வெளித்தகடு மறைப்புக்கு மட்டுமே. இதே சேசிஸைக் குறுக்கி, ஓரச் சட்டங்களை நீக்கி 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் செய்தபோது, அந்தத் தகட்டையே பாரம் தாங்கும் உறுப்பாக்க வேண்டியிருந்தது. ஸ்பிட்ஃபயருக்கு எழுதப்பட்ட யோசனைகளை ஹெரால்டுக்கு அப்படியே பின்பற்றக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சேசிஸின் உறுதி அது மூடிய பெட்டியாக இருப்பதில் இருக்கிறது. தாளைச் சுருட்டி ஓரத்தை ஒட்டி முறுக்கினால் எதிர்க்கும். ஒட்டைப் பிரித்தால் துவண்டுவிடும். இரும்பும் அப்படியே. பக்கத்துக்கு 75 மி.மீ., தடிப்பு 2 மி.மீ. உள்ள சதுரக் குழாய் ஒன்று நீளவாட்டில் முழுக்கப் பிளந்துபோனால், கணக்குப்படி அதன் முறுக்கு விறைப்பு ஏறத்தாழ 1,000இல் 1 பங்காகக் குறைகிறது. துரு தின்ற ஒரு விளிம்பு வண்டியை ஏன் அவ்வளவு ஆட்டுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். உயர்ரக எஃகு போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் தவறு. அது முறியாமல் கூடுதல் பாரம் தாங்கும். ஆனால் அதே அளவில் சாதாரண எஃகு வளைகிற அளவுக்கே வளையும்.

சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வரை உப்புக்காற்று ஓயாது. ஐப்பசி, கார்த்திகை மழைநீர் பெட்டிச் சட்டத்துக்குள் தங்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் மூழ்கிய வண்டிகளுக்குள் சேறும் புகுந்தது. வெளியே பெயின்ட் பளபளத்தாலும் சட்டம் உள்ளிருந்து அரிக்கும். கதவு தொங்குவதும் பள்ளத்தில் இறங்கும்போது முன்பகுதி நடுங்குவதும் அறிகுறிகள். ஒரு சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவிடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினால் சந்தேகமே வேண்டாம். பாடிக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள பேக்கிங் நைந்தாலும் இதே ஆட்டம் வரும் என்பதால் அதை முதலில் மாற்றிப் பார்ப்பது நல்லது.

வேலையில் முதல் கருவி அளவுநாடா. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சேசிஸின் மூலைவிட்டங்களை அளந்து குறித்து, கதவு வாயில்களில் தற்காலிகக் குறுக்குச் சட்டம் அடித்த பிறகே வெட்ட வேண்டும். துருவை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே தடிப்புத் தகட்டை விளிம்போடு விளிம்பு பொருத்துவது முறை. பட்டறைகளில் பழைய தகட்டின்மேலேயே பேட்ச் அடித்துவிடுவது வழக்கம். இரண்டுக்கும் நடுவே தேங்கும் நீர் அடுத்த ஓட்டையைத் தொடங்கிவைக்கும். கேஸ் வெல்டிங்கின் சூடு பரவிச் சட்டத்தைக் கோணலாக்கும். மிக் வெல்டிங்கில் சிறுசிறு துண்டுகளாக, இடம் மாற்றி மாற்றி வைப்பது பாதுகாப்பு. கூடுதல் தகடு தவிர்க்க முடியாவிட்டால் அதன் முனையைச் சரிவாக வெட்ட வேண்டும். நேராக முடிந்தால் விரிசல் அங்கேயே பிறக்கும். நீர் வடியும் துளைகளை அடைக்காமல் உள்ளே மெழுகுப் பூச்சு செலுத்துவது கடைசி வேலை.

பின்னச்சு பொருந்தும் இடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸில் இந்திய உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்காமல்போக, 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் வழக்கமான நேர் அச்சுக்கு மாறியது. புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கெஸல் பாகம் கிடைத்தது என்று ஹெரால்டில் ஏற்றுவதற்குமுன் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிகள் 'விஏ' எழுத்துள்ள விண்டேஜ் பதிவு பெறலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே ஹெரால்டுக்கு ஏற்ற வலுவூட்டல், பெருங்களத்தூரிலிருந்து வெளிவந்த வடிவத்தை மீட்பதே; வேலைக்கு முன்னும் பின்னும் அளவுகளையும் படங்களையும் உரிமையாளர் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.