மாரியாயி: நம் பாட்டிமாரின் பெயர்

மடுல்கெல்லைத் தோட்டங்களில் வேர்கொண்ட குடும்பத்தவர்கள் மூன்று நான்கு தலைமுறை பின்னோக்கிச் சென்றால், பலருக்கும் அங்கே ஒரு மாரியாயி இருப்பார். முத்தாயி, ராமாயி, செல்லாயி, காத்தாயி, பேச்சாயி என 'ஆயி'யில் முடியும் பெயர்கள் ஒரு காலத்தில் நம் லயங்களை நிறைத்திருந்தன. இன்று பிறக்கும் பிள்ளைக்கு அப்பெயரை இடுவோர் அரிது. பாடசாலையின் நூறாண்டை நினைவுகூரும் இவ்வேளையில் அப்பெயரின் வரலாற்றையும் சிறிது பதிந்து வைப்பது பொருத்தமாகும்.

'மாரி' என்பது மழையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களிலேயே அது அப்பொருளில் வழங்குகிறது. 'ஆயி' என்றால் தாய். தாயின் தாயை 'அம்மாயி' என்றும் தந்தையின் தாயை 'அப்பாயி' என்றும் அழைக்கும் வழக்கிலும் அச்சொல்லே இருக்கிறது. ஆகவே மாரியாயி என்றால் மழைத்தாய். வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த மக்கள் தம் பெண் குழந்தைக்கு இதைவிடப் பெரிய பெயர் ஒன்றைத் தேடியிருக்க முடியாது.

மழை பொய்க்கும் கோடையில்தான் அம்மை நோயும் பரவியது. எனவே மழை தரும் தாயே அம்மையைத் தருபவளாகவும் தணிப்பவளாகவும் கருதப்பட்டாள். உடலில் எழும் கொப்புளங்களை 'முத்து' என்றனர். முத்துமாரி, முத்தாயி, முத்தம்மா ஆகிய பெயர்களுக்குப் பின்னால் இந்த நம்பிக்கை உண்டு. நோயிலிருந்து பிள்ளை பிழைக்க வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டு அவள் பெயரையே இட்டனர். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது 1980இல்தான். அதுவரை இப்பெயர் ஒரு தாயின் வேண்டுதலாகவும் இருந்தது.

1820களில் கண்டிச் சீமையில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியதும் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்தனர். கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். கொலராவும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. உயிரோடு வந்து சேர்ந்தோர் முதலில் நன்றி சொன்னது மாரியம்மனுக்கே. மாத்தளையில் முத்துமாரி பெரிய கோயில் கொண்டாள். மலைத் தோட்டங்களிலோ ஒரு மரத்தடியும் ஒரு கல்லும் போதுமாக இருந்தன.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் ஆண்களே அதிகம். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தபோது நிலை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் தேவைப்பட்டன. அவை பெரும்பாலும் பெண்களின் கைகள். குடும்பங்கள் நிலைத்துக் குடியமர்ந்தன. மாரியாயிகள் இந்த மலையிலேயே பிறக்கலானார்கள்.

தமிழர் கூலிகளாகச் சென்ற தேசங்களுக்கெல்லாம் மாரியும் கூடவே சென்றாள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. கரிபியன் கடலிலுள்ள குவாதலூப்பில் அவள் 'மாலியெமின்' ஆனாள். மலேசியத் தோட்டங்களிலும் மாரியாயிகள் உண்டு. கண்டியில் நம் சிங்கள அயலவர் வணங்கும் பத்தினித் தெய்வத்திடமும் மழையும் நோய் நீக்கமும் வேண்டப்படுவதை நாம் அறிவோம்.

இனி, இப்பெயர் ஏடுகளில் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். விடியற்காலைப் பிரட்டில் இப்பெயர் கூப்பிடப்பட்டது, செக்ரோலில் எழுதப்பட்டது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதிய கைகளில் மாரியாயி, மாரியாய் ஆனாள், மாரியம்மாவும் ஆனாள். நெடிலைக் குறிலாக்கினால் அவளே மரியாயியும் ஆகிவிடுவாள். அது கத்தோலிக்கத் தமிழர் தேவதாய்க்கு வழங்கும் பெயர். 'மரியாயின் சேனை' நாம் அறிந்ததே. ஒரே எழுத்து வேறுபாட்டில் இரு சமயத்துத் தாய்மார்!

இந்த எழுத்துப் பிழைகள் வேடிக்கையோடு நின்றுவிடவில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத்துப் பெண்கள் பலரின் பெயரும் வாக்காளர் இடாப்பில் ஏறியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களை அதிலிருந்து நீக்கின. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தான் யார் என்பதைப் பெண் கடதாசியால் நிறுவ வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொரு பெயர் என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. சேமலாப நிதியைப் பெறச் செல்லும் முதியவர்களுக்குப் பெயர்க் குழப்பம் இன்றும் தீர்ந்தபாடில்லை.

காலம் மாறியது. திரைப்படம் சரோஜாக்களையும் பத்மினிகளையும் தந்தது. பின்னர் 'ஷினி', 'ஷா' என முடியும் பெயர்கள் வந்தன. பட்டணத்தில் பெயரைச் சொன்னதும் தோட்டத்துப் பிள்ளை என்று அறிந்துவிடுவார்கள் என்ற கூச்சமும் பழைய பெயர்களை விலக்கியது. பிள்ளைகளுக்குப் புதிய பெயர் இடுவதில் தவறேதும் இல்லை. ஆனால் பிரட்டுக்களத்தில் மட்டும் கூப்பிடப்பட்ட பெயர், அந்தக் களத்தோடு மறைந்து போகலாகாது.

கொழுந்துக் கூடையைச் சுமந்து, நாள் பேரில் மிச்சம் பிடித்து, கொப்பியும் பென்சிலும் வாங்கிக் கொடுத்து நம்மைப் பாடசாலைக்கு அனுப்பியவர்களின் பெயர் அது. சகோதரியரே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், உங்கள் அம்மாயியின், அப்பாயியின் பெயரை வீட்டில் முதியோர் இருக்கும்போதே கேட்டு, தமிழில் பிழையின்றி எழுதி வையுங்கள். அவர்களுடைய பெயரைப் பிறர் எழுதியது போதும். எழுதப் படிக்கக் கற்ற பேத்திமார் நாம் எழுதுவோம்.