விரும்பிக் கொடுத்தவர் யார்? பட்டணப்பகுடியும் ஐநூற்றுவரின் சிறு வணிகரும்

பட்டணப்பகுடியை வணிகக் குழுக்கள் தாமாக விரும்பி ஏற்றுக்கொண்ட கட்டணம் என்கிறார் பேராசிரியர் ப. சண்முகம். நொபொரு கராஷிமா பதிப்பித்து 2002இல் வெளிவந்த இந்தியப் பெருங்கடல் வணிகத் தொகுப்பில் உள்ள அவரது கட்டுரையின் தலைப்பே இதைச் சொல்லிவிடுகிறது. சோழர் வருவாய் முறையைத் தனி நூலாக ஆராய்ந்தவர் அவர். அரசிறை எது, பிற தண்டல் எது என்று பிரித்தறிவதில் அவருடைய கணிப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் ‘விரும்பி’ என்ற அந்த ஒரு முடிவு, ஐநூற்றுவர் என்ற வணிகக் குழுவை ஒரே மனமுடைய ஓர் உடம்பாகக் கருதினால்தான் நிற்கும். குழுவுக்குள் பெருவணிகனும் ஒற்றைப் பொதிக்காரனும் இருந்தார்கள் என்று கொண்டால் அது நிற்குமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சண்முகத்தின் முடிவுக்குத் துணையாகச் சொல்லக்கூடியவை மூன்று. பிரான்மலைக் கல்வெட்டை (தென்னிந்தியக் கல்வெட்டுகள், 8ஆம் தொகுதி, எண் 442) எடுத்துக்கொள்வோம். முதலாவது, கட்டணத்தை விதிப்பது அரசன் அல்லன். பதினெண் பட்டினம், முப்பத்திரண்டு வளர்புரம், அறுபத்துநான்கு கடிகைத்தாவளம் ஆகியவற்றின் பெயரால் கூடிய வணிகரே விதிக்கிறார்கள். இரண்டாவது, தண்டும் பொருள் அரசின் பண்டாரத்துக்குப் போவதில்லை. திருக்கொடுங்குன்றத்துக் கோயிலுக்குப் போகிறது. மூன்றாவது, கொடை அறமாகச் சொல்லப்படுகிறது. அரசு பிடுங்கவில்லை, கொடுப்பவர்களே கூடி முடிவெடுக்கிறார்கள், பயன் கோயிலுக்கு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ‘விரும்பி’ என்பது இயல்பான முடிவே.

இம்மூன்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றும் ஒரே திசையில் நின்று பார்க்கின்றன. அரசுக்கும் குழுவுக்கும் இடையில் நின்று பார்த்தால் பட்டணப்பகுடி விருப்பக் கொடைதான். குழுவுக்கும் அதன் கடைசி உறுப்பினனுக்கும் இடையில் நின்று பார்த்தால் அது என்ன?

பிரான்மலைக் கல்வெட்டு சரக்கு வாரியாக, சுமை வாரியாக வீதம் வகுக்கிறது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன் என்று தொடங்கி சந்தனம், அகில், பன்னீர் வழியாகக் குதிரை, யானை வரை பட்டியல் நீள்கிறது. யானை வணிகனும் உப்புப் பொதிக்காரனும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். இவர்களில் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தவர் யார்? பதினெட்டு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு என்ற எண்கள் பல கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் மரபுத் தொடர். வந்திருந்தோரின் தலைக்கணக்கு அவற்றில் இல்லை. எல்லோர் பெயராலும் முடிவெடுக்கப்பட்டது என்பதை மட்டுமே அத்தொடர் காட்டுகிறது. எல்லோரும் இசைந்தார்கள் என்று அதிலிருந்து பெற முடியாது. கட்டணமோ ஆள்மேல் விழவில்லை, பொதிமேல் விழுகிறது. கூட்டத்துக்கு வந்தவனுடைய பொதியா வராதவனுடைய பொதியா என்ற வேறுபாடு அங்கே கிடையாது.

சண்முகத்தின் தரப்பில் இதற்கு ஒரு மறுமொழி உண்டு. சரக்குக்குத் தக்கபடி வீதம் வகுத்திருப்பதே சிறியோர்மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டதற்குச் சான்றாகாதா என்று கேட்கலாம். ஓரளவு ஆகும். விலை மிகுந்த சரக்கைத் தனியே பிரித்தது வெறும் எண்ணிக்கை ஒழுங்கு மட்டும் அன்று. ஆனால் அது பாரத்தின் அளவைப் பற்றிய விடை. கொடுக்காமல் இருக்க ஒருவனுக்கு உரிமை இருந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிரான்மலையில் விடையில்லை. விடை காட்டூரில் இருக்கிறது என்பது என் துணிபு.

பொன்னேரி வட்டத்துக் காட்டூர்க் கல்வெட்டு 1912ஆம் ஆண்டுத் தொகுப்பில் 256ஆம் எண்ணாகப் பதிவானது. கல்வெட்டியல் ஆண்டறிக்கை தரும் சுருக்கத்தின்படி, அய்யப்புழல் என்ற ஊரை வணிகக் குழுவினர் கூடி வீரபட்டினமாக மாற்றுகிறார்கள். அவ்வூரார் இனிக் குழுவுக்குரிய பொதுக் கொடைகளிலிருந்து விலக்குப் பெறுகிறார்கள்; அதுவரை பெற்றுவந்ததைப் போல இருமடங்கு பெறும் தகுதியும் அடைகிறார்கள். உருவிய வாளைக் காட்டியோ ஆளைப் பிடித்து வைத்தோ வரியும் சுங்கமும் கேட்கும் வணிக வகுப்பினருக்கும், பிறரை உண்ணவிடாமல் வருத்துவோருக்கும் அவ்வூரில் இடமில்லை. இந்த முடிவை மீறுகிறவர் வளஞ்சியர் என்ற வணிகச் சமூகத்துக்குப் புறம்பானவர்.

இதுவரை இக்கல்வெட்டு பெரும்பாலும் ‘எறிவீரபட்டினம்’ என்பதன் தன்மையை ஆராயவே பயன்பட்டுள்ளது. கென்னத் ஹால் இத்தகைய ஊர்களைத் தொலைவான பகுதிகளில் வணிகர் காவலோடு வைத்திருந்த இடங்களாகக் கண்டார். கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் குழுவைக் காத்த வீரர்களுக்குச் செய்த சிறப்போடு அப்பெயரை இணைத்தனர். இரண்டு விளக்கமும் காவலைப் பற்றியவை. விலக்கைப் பற்றிய பகுதியைத் தனியே நிறுத்தி எடைபோட்டால் வேறொரு செய்தி கிடைக்கிறது. விரும்பினால் கொடுக்கலாம் என்ற கொடைக்கு விலக்கு எதற்கு? விலக்கு ஒரு சலுகையாக, அதுவும் கல்லில் வெட்டத்தக்க சலுகையாக இருந்தது என்றால், விலக்குப் பெறாத ஊர்களில் அக்கொடை கட்டாயமாகவே இருந்திருக்க வேண்டும். கொடுக்க மறுத்தவனுக்கு ஏதோ ஒரு தண்டனை காத்திருந்திருக்க வேண்டும்.

அந்தத் தண்டனையின் சாயலை அடுத்த பகுதி காட்டுகிறது. வாள் காட்டிச் சுங்கம் கேட்டவர் வெளியார், கள்வர் அல்லது அரச அதிகாரிகள் என்று கொள்ள இடமுண்டா? இல்லை என்றே நினைக்கிறேன். மீறுவோருக்கு விதித்த தண்டனை வளஞ்சியரிலிருந்து நீக்கம். உள்ளே இல்லாதவனை வெளியேற்ற முடியாது. ஆக, வாள் பிடித்தவரும் குழுவினரே. குழுவின் பெயரால் தண்டியவர்கள் சிலர் அளவு மீறினார்கள், குழுவே கூடி அவர்களை ஓர் ஊரின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது என்பதே இதன் நேரான பொருள்.

உண்ணவிடாமல் வருத்துதல் என்பதைப் பற்றி இன்னும் ஒரு படி மேலே செல்கிறேன். இங்கே சான்று மெலிந்தது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கடற்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கடன் கொடுத்தவன் கடனாளியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால், கடனைத் தீர்க்காமல் அவன் அதைவிட்டு வெளியேற முடியாது என்கிறார். ஒரு வெளிநாட்டு வணிகன் அரசனையே அப்படி வட்டத்துக்குள் நிறுத்தினான் என்றும் கூறுகிறார். ஆளை நகரவிடாமல் மறித்துப் பாக்கியை வாங்குவது இக்கடற்கரையில் வழக்கமாக இருந்தது என்றால், காட்டூர் கூறும் பிடித்து வைத்தலும் பட்டினி போடுதலும் அதே வகையைச் சேர்ந்த பாக்கித் தண்டல் முறையாக இருக்கலாம். அப்படியானால் கொடுக்கப்படாத பொதுக் கொடை கடனாகக் கருதப்பட்டிருக்கலாம். காலத்தால் இரண்டு சான்றுகளும் விலகியே நிற்கின்றன என்பதால் இதை ஒரு வாய்ப்பாகவே முன்வைக்கிறேன்.

கடலுக்கு அப்பால் இன்னொரு சான்று உண்டு. சுமத்திராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த ஐநூற்றுவர் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. அதில் மரக்கல நாயனும் கேவிகளும் கஸ்தூரி விலையை ஒட்டிக் கணக்கிட்ட பொன்னைக் கொடுத்த பிறகே பாவாடை (விரித்த துணி) ஏறலாம். நீலகண்ட சாஸ்திரிக்குப் பின் இதை மீண்டும் வாசித்த சுப்பராயலு, பொன் பெறுவோரைக் குழுவின் பணியாளராகக் கொள்கிறார். கேவிகளைக் கப்பலில் வந்த தொழிலாளர் என்று கொண்டால், தலைவனோடு கூலிக்காரனும் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆகிறான். கொடுக்காதவனுக்குக் கால் வைக்கவும் இடமில்லை. இதை விருப்பக் கொடை என்று யாரும் அழைக்க மாட்டார்கள். பாருஸ் ஓர் அயல்நாட்டுத் துறை, அங்கே குழுவே அரசைப் போல நடந்தது என்று சண்முகத்தின் தரப்பு விடை சொல்லலாம். அது வலுவான விடைதான். ஆனால் குழு கட்டாயத் தண்டலை அறிந்திருந்தது, நடத்தவும் செய்தது என்பது மட்டும் இதனால் உறுதியாகிறது.

அப்படியானால் சிறு வணிகன் இந்தக் குழுவில் ஏன் இருந்தான்? இழப்பு மட்டுமே இருந்திருந்தால் ஐநூற்றுவர் பல நூற்றாண்டுகள் நிலைத்திருக்க முடியாது. எறிவீரர், இளஞ்சிங்கங்கள் எனப்பட்ட வீரர்கள் வழிக்காவலுக்கு இருந்தார்கள். தனியொரு பொதிக்காரன் தன் செலவில் வைத்துக்கொள்ள முடியாத காவல் அது. நத்தம் பகுதியின் சமுத்திரப்பட்டி முதல் இலங்கையின் வாகல்கடை வரை வீரபட்டினங்கள் பரவியிருப்பது, அந்தக் காவல் வெறும் மெய்க்கீர்த்திப் பேச்சாக மட்டும் இல்லை என்பதைக் காட்டுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வழியில் கள்வனிடமிருந்து காத்த அதே வாள்தான் காட்டூரில் சுங்கம் கேட்ட வாளும். காவலும் தண்டலும் ஒரே கையில் இருந்தபோது, அக்கையைக் கட்டுப்படுத்தக் குழுவின் கூட்டத்தைத் தவிர வேறு இடம் சிறியோருக்கு இல்லை. காட்டூரில் கூட்டம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் அது ஊருக்கு ஊர் தனியே பெற வேண்டியிருந்த சலுகை. எல்லா ஊருக்கும் பொதுவான விதியாக அது ஆனதற்குச் சான்று இல்லை.

13ஆம் நூற்றாண்டை நோக்கி வரும்போது படம் மாறுகிறது. ஐநூற்றுவர், வேளாண் நிலவுடைமையாளரின் அமைப்பான சித்திரமேழிப் பெரியநாட்டாருடன் சேர்ந்து கூடும் கல்வெட்டுகள் தென்படுகின்றன. நிலவுடைமையாளரும் பெருவணிகரும் ஓரணியாக அமர்ந்த அவையில் பொதிக்காரனின் குரல் முன்னைவிட மெலிந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பிரான்மலையின் நீண்ட பட்டியல் இச்சூழலில்தான் பிறக்கிறது. காட்டூரில் உள்ளது போன்ற விலக்கு அப்பட்டியலோடு சேர்ந்து வருவதில்லை. பின்னர் 1429இல் காவிரிப் படுகைக் கல்வெட்டுகளில் கொடிய தண்டலை எதிர்த்து ஒன்றுசேர்ந்தவர்கள் வலங்கை 98, இடங்கை 98 ஆகிய பிரிவினர். அதிகாரிகளையும் நிலவுடைமையாளரையும் எதிர்த்த அந்த எழுச்சியில் ஐநூற்றுவரின் பெயர் முன்னிற்கவில்லை. எளியோர் புகலிடத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று இதிலிருந்து சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நாயக்கர் காலம் வரை சிறு வணிகர் எந்த அவையில் முறையிட்டார்கள் என்று ஊர் ஊராகத் தொடர்ந்து பார்க்காமல் அதை முடிவாகச் சொல்ல முடியாது.

இந்த வாதத்தின் வலுவற்ற கண்ணி காட்டூரின் காலம். 11ஆம் நூற்றாண்டு என்பது பொதுவாகக் கொள்ளப்படுவது. நானும் அதையே பின்பற்றினேன். அப்படியானால் அங்கே விலக்கப்பட்ட பொதுக் கொடைக்கும் பிரான்மலையின் பட்டணப்பகுடிக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் உள்ளன. இரண்டும் ஒன்றே என்று சொல்ல எனக்குச் சான்றில்லை. ஒன்று மற்றொன்றின் முன்வடிவம் என்பதே என்னால் இயன்ற எல்லை. இடைக்காலத்தில் குழு தன் கட்டாயத்தைக் கைவிட்டு விருப்பக் கொடைக்கு மாறியது என்று காட்ட முடிந்தால் சண்முகத்தின் முடிவு முழுமையாகவே நிலைக்கும். அந்த மாற்றத்தைக் காட்டும் பொறுப்பு ‘விரும்பி’ என்று சொல்பவருடையது. அதுவரை பட்டணப்பகுடியை அரசு விதிக்காத, ஆனால் உறுப்பினன் மறுக்க முடியாத கட்டணம் என்று குறிப்பதே கல்வெட்டுகளுக்கு ஒத்தது.