இல்ல இணையமும் செம்புக் கம்பியும்: இந்தியாவில் அகலக்கற்றை பரவிய வரலாறு

முன்னுரை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இல்லங்களில் இணையம் மெதுவாகப் பரவியமைக்குக் கணினியின் விலையும் ஆங்கிலப் பயிற்சியின்மையும் காரணங்களாகப் பொதுவாகச் சுட்டப்படுகின்றன. தொலைபேசி நிலையத்திலிருந்து இல்லம்வரை செல்லும் செம்புக் கம்பி யாருடைய உடைமையாக இருந்தது என்பதும் அவற்றுக்கு இணையான காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

இரு கட்டணங்கள்

தொடக்ககால இணைப்பு மோடம் வழியாகத் தொலைபேசிக் கம்பியிலேயே இயங்கியது. பன்னாட்டு இணைப்பு விதேஷ் சஞ்சார் நிகமிடமும், தில்லி, மும்பை நீங்கலாகக் கம்பி தொலைத்தொடர்புத் துறையிடமும் இருந்தன. எனவே பயனர் இணைய நேரத்திற்கு ஒரு கட்டணமும் தொலைபேசி அழைப்பிற்கு மற்றொரு கட்டணமும் செலுத்தினார். 1998 நவம்பரில் இணையச் சேவை தனியாருக்குத் திறக்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் நிறுவனமாகச் சேவையைத் தொடங்கியது. எனினும் கம்பியின் உடைமை மாறவில்லை.

மாற்று வழிகள்

கம்பியைத் தவிர்க்கும் முயற்சிகள் சென்னையிலேயே தோன்றின. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட், கம்பியில்லா முறையில் பேச்சையும் இணையத்தையும் ஒரே நேரத்தில் இல்லத்திற்குக் கொண்டு சென்றது. சிஃபி எனப் பெயர் மாறிய சத்யம் இன்ஃபோவே, உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி நடத்துநர்கள் வழியாக வீடுகளை அடைந்தது.

ஏற்கப்படாத பரிந்துரை

செம்புக் கம்பியைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் பரிந்துரைத்தது. அவ்வாண்டின் அகலக்கற்றைக் கொள்கை இதனைக் கட்டாயமாக்கவில்லை. நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகலக்கற்றை என வரையறுத்த அக்கொள்கை, 2010க்குள் 2 கோடி இணைப்புகளை இலக்காகக் கொண்டது. 2010 இறுதியில் எட்டப்பட்டவை சுமார் 1.1 கோடியே. பாரத் சஞ்சார் நிகம் 2005 முதல் தன் கம்பிகளில் அகலக்கற்றையைப் பரவலாக வழங்கியது உண்மை. ஆனால் அதே கம்பியில் அதனுடன் போட்டியிட எவருக்கும் இடமிருக்கவில்லை.

முடிவுரை

ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழை கொண்டு செல்ல 2011இல் ஒப்புதல் பெற்ற திட்டம், எல்லா நிறுவனங்களுக்கும் பாகுபாடற்ற அணுகலைக் கொள்கையாக ஏற்றது. செம்புக்கு மறுக்கப்பட்டது இழைக்கு வழங்கப்பட்டது. ஆயின் அவ்விழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றது. இல்லம்வரையிலான தொலைவு எஞ்சியது. அவ்விடைவெளியைப் பெரிதும் நிரப்பியது கைப்பேசியே. எனவே இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் இணையம் வீட்டிற்கு வருமுன் கைக்கு வந்ததை மக்களின் விருப்பத் தேர்வாக மட்டும் கருதவியலாது. அது கம்பி குறித்த கொள்கை முடிவின் விளைவுமாகும்.