தோற்றவர் வென்ற கதை



விளையாட்டு என்பது புள்ளிக் கணக்கு மட்டுமன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்துக் குழுவின் 1963ஆம் ஆண்டு ஆட்டப் பருவம் இதற்குச் சான்றாகும்.

வெள்ளை இனத்தவர் மட்டுமே இடம்பெற்ற அக்குழு 1959, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் தன் வட்டாரத்தில் முதலிடம் பெற்றும் தேசியப் போட்டிக்குச் செல்லவில்லை. கறுப்பின வீரர்களோடு ஆடலாகாது என்பது அம்மாநிலத்தின் எழுதப்படாத விதி. 1963இல் மீண்டும் முதலிடம் பெற்றபோது, பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வார்ட் துணிந்து இசைவளித்தார். பின்னர் நீதிமன்றம் தடை விதித்தது. தடையாணை கைக்கு வருமுன் பயிற்றுநர் மெக்கார்த்தி மாநில எல்லையைக் கடந்துவிட்டார். மறுநாள் மாணவர்களும் வானூர்தியில் புறப்பட்டனர்.

மார்ச் 15ஆம் நாள் மிச்சிகனில் சிகாகோ லயோலா குழுவை எதிர்கொண்டனர். அக்குழுவின் தொடக்க ஐவருள் நால்வர் கறுப்பினத்தவர். ஆட்டத்திற்கு முன் இரு குழுத் தலைவர்களும் கைகுலுக்கிக் கொண்டனர். மிசிசிப்பி 51-61 எனத் தோற்றது. லயோலா அவ்வாண்டின் தேசிய வெற்றியாளரானது.

போட்டி முடிந்து வரும் மாணவரிடம், "எத்தனை புள்ளி?" என்றே நான் கேட்டு வந்தேன். இவ்வரலாற்றைப் படித்தபின், "எதிரணியினரோடு கைகுலுக்கினாயா?" என்று முதலில் கேட்கிறேன்.

நீங்களும் கேட்டுப் பாருங்களேன்.