கொடைக்கானல் தெர்மாமீட்டர்

ஏற்றுமதி பற்றி எதைப் படித்தாலும் எனக்குக் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரிதான் ஞாபகம் வரும். அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடிய ஆலையின் இயந்திரங்கள் 1980களில் மலையேறி வந்தன. பாதரசம், கண்ணாடி எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. செய்து முடித்ததும் வெளிநாட்டுக்கே. அப்போ நம்ம பங்கு? குறைந்த கூலிக்கு உழைப்பு, அவ்வளவுதான்.

2001 மார்ச்சில், முஞ்சிக்கல் காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடி கிடந்தது அம்பலமாக, ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போச்சு. அதுவும் ஏற்றுமதிதானே! வேலை பார்த்த 591 பேர் சார்பில் உடன்பாடு வர 2016 ஆயிற்று.

டாலர் வரவை ஏற்றுமதிக் கணக்கில் எழுதிவிடுகிறோம். மண்ணிலும் உடம்பிலும் தங்கியதை எந்தக் கணக்கில் எழுதுவது?